இரண்டாம் வண்டியின் ஹேண்ட்பிரேக்

சின்னவருக்கு வயது ஐம்பத்தெட்டு. முன்பல் இரண்டு விழுந்து, காதோரம் வெளுத்து, மகள் வயிற்றுப் பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் லாரிக்காரர்கள் மத்தியில் அவர் சின்னவர்தான். அவருக்கு மேலே பெரியவர் என்று ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் காரணம். அண்ணன் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியும் தம்பிக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

அண்ணி போனில் கூப்பிட்டபோது அவர் பட்டறையில் ஒரு டீசல் பம்பைப் பிரித்துப் பரப்பிவிட்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராக வேலை பார்த்துக் கடைசியில் ஒண்டிய இடம் அது. பம்ப், டீசலைப் பீச்சுகிற நாசில் என்றால் நாலு ஊர் தாண்டி அவரிடம்தான் கொண்டுவருவார்கள்.

"தம்பி, ஷெட்டுல நிக்கிற ரெண்டு வண்டியையும் எடுக்கணும். ஒருத்தர் கேட்டிருக்கார். ஓட விட்டுக் காட்டினா எடுத்துக்கறேங்கறார். இல்லன்னா இரும்புக் கடைக்குப் போடுங்கன்னுட்டார்."

"அங்க மெக்கானிக்குக்கா பஞ்சம் அண்ணி?"

"பஞ்சமெல்லாம் இல்ல. உங்கண்ணன் வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டுப் போயிருக்கார். ஆஸ்பத்திரியில மூச்சு விடவே தடுமாறின ஆளு, இதைச் சொல்றதுக்கு மட்டும் மூச்சு வெச்சிருந்தார். 'சின்னவன்தான் எடுக்கணும். அவன் வரலன்னா அப்படியே மக்கட்டும்'னார். வர்றீங்களா, மக்கட்டுமா?"

அண்ணி எப்போதும் அப்படித்தான். சுற்றி வளைக்கத் தெரியாது.

சின்னவர் அந்த வீட்டுப் படி ஏறிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் சாவுக்கு வந்தார், வாசலிலேயே கூட்டத்தோடு நின்றார், மத்தியானப் பஸ்ஸில் திரும்பிவிட்டார். அழுகை வரவில்லை. வராததைப் பற்றி அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணனும் தம்பியுமாக இரண்டு லாரி வைத்திருந்தார்கள். லோடு பிடிப்பது அண்ணன், வண்டியைப் பார்த்துக்கொள்வது தம்பி. முதல் வண்டி, இரண்டாம் வண்டி என்றுதான் பேச்சு. இரண்டாம் வண்டியை ஓட்டியவர் அவர்களோடு பதினாறு வருடம் இருந்த டிரைவர். ஒரு நாள் தானியக் கிடங்கு ஒன்றில், சரிவான இடத்தில், பாரத்தோடு வண்டியை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறக்க இறங்கிப் போனார். வண்டி தானாகப் பின்னால் உருண்டது. பின்கதவுக்கும் இறக்குமேடைக்கும் நடுவில் அவருடைய வலது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டுத்தான் எறங்கினேன்" என்றார் டிரைவர், கண் விழித்ததும்.

"இழுத்திருந்தா வண்டி எப்படி உருளும்? போன வாரம்தான் அடியில படுத்து எல்லாத்தையும் என் கையால பார்த்தேன்" என்றார் சின்னவர். விசாரிக்க வந்த அதிகாரியிடமும் அதையே சொன்னார். சின்னவர் கை பட்ட வண்டியில் குறை இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். அதிகாரி கால் பிரேக்கை மட்டும் மிதித்துப் பார்த்து, டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டு வண்டியையும் ஷெட்டுக்குள் ஏற்றிப் பூட்டுப் போட்டார். தொழில் வேண்டாம் என்றார். ஏன் என்று தம்பி சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டும் வாய் திறக்கவில்லை. சின்னவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: அண்ணன் டிரைவர் பேச்சை நம்புகிறான், கூடப் பிறந்தவனை நம்பவில்லை. என் வயிற்றில் அடித்துவிட்டான். அந்த ஆத்திரத்தோடு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர்தான்.

இப்போது கருவிப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

ஷெட்டுப் பூட்டு துருப்பிடித்துப் போய் சாவிக்கு மசியவில்லை. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கதவை இழுத்ததும் எலிப் புழுக்கையும் பழைய டீசலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. இரண்டு வண்டியும் தூசியில் ஒரே நிறமாக நின்றன. டயர்கள் வெடித்துத் தரையோடு சப்பிக்கிடந்தன. ஆனாலும் பெரியவர் ஏனோதானோவென்று விட்டுவிட்டுப் போயிருக்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீரை வடித்திருந்தார். சைலன்சர் வாயைச் சாக்குத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்திருந்தார். விற்கப்போகிறவன் செய்கிற வேலை இல்லை இது, திரும்ப எடுக்கப்போகிறவன் செய்வது.

"அண்ணி, இதுக்கு ரெண்டு வாரம் ஆகும்."

"ஆகட்டும். எனக்கு மட்டும் என்ன வேலை வெட்டி இருக்கு?" அண்ணி கணவரின் பழைய காக்கிச் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். "என்ன பிடிக்கணும், என்ன முறுக்கணும்னு சொல்லுங்க."

முதல் வண்டியிலிருந்து ஆரம்பித்தார்கள். டேங்கைத் திறந்தபோது டீசல் டீசலாக இல்லை, பாகு மாதிரி திரண்டிருந்தது. வடித்து, டேங்கைக் கழற்றி வெளியில் போட்டு, உள்ளே ஒரு முழச் சங்கிலியைப் போட்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். உள்ளே ஒட்டியிருந்ததெல்லாம் கட்டி கட்டியாக விழுந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் எலிக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு. "இவங்களுக்கு எங்க மாமியார் வீட்டைவிட வசதி" என்றார் அண்ணி.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. சின்னவர் நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாகச் சிலிண்டருக்குள் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி மூன்று நாள் ஊறப்போட்டார். தினமும் காலையில் வந்து இன்ஜினைச் சுற்றுகிற முனையில் நீளமான கம்பியை மாட்டி, பலத்தையெல்லாம் போட்டு இழுக்காமல், லேசாக நெருடிப் பார்ப்பார். அவசரப்பட்டால் உள்ளே ஏதாவது முறிந்துவிடும். நாலாவது நாள் காலை, கம்பி ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது. அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. முன்னே ஒரு இழுப்பு, பின்னே ஒரு இழுப்பு என்று சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது.

ஸ்டார்ட் செய்கிற அன்று அவர் ஒரு பலகையையும் ஈரச் சாக்கையும் அண்ணி கையில் கொடுத்து, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்ப் பக்கம் நிறுத்தினார்.

"ரொம்ப நாள் நின்ன பம்பு, அண்ணி. உள்ள ஒட்டிக்கிச்சுன்னா டீசலைக் குறைக்க மாட்டேங்கும். வண்டி வெறி பிடிச்ச மாதிரி ஏறிக்கிட்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது. நான் கத்தினா யோசிக்காம இந்த வாயை மூடிடுங்க. மூச்சு முட்டினாத்தான் நிக்கும்."

"நீங்கதானே பம்புக்குப் பேர் போனவர்?"

"பேர் போனவனுக்கும் பலகை வேணும் அண்ணி."

புது பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் முனகியது. இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. மூன்றாவது முறை ஒரு சிலிண்டர் வெடித்தது, அடுத்தது வெடித்தது, பிறகு ஆறும் சேர்ந்து ஷெட்டுத் தகரத்தை உலுக்கின. சின்னவர் சிரித்து வாய் மூடுவதற்குள் சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கால் எடுத்தாயிற்று, இன்ஜினை நிறுத்துகிற லீவரை இழுத்தாயிற்று, கேட்கவில்லை. வண்டியே தரையைவிட்டுக் கிளம்புகிற மாதிரி அதிர்ந்தது.

"மூடுங்க!"

அண்ணி யோசிக்கவில்லை. சாக்கோடு பலகையை அறைந்து, தோளைக் கொடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். இன்ஜின் திணறி, குலுங்கி, அடங்கியது. கரும்புகையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டார்கள்.

"முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணி உங்கண்ணனை ஒரு தடவை அடக்க முடியல" என்றார் அண்ணி, மூச்சிரைக்க. "இதாவது அடங்குச்சே."

சின்னவர் புகைக்குள் குனிந்து வயிறு வலிக்கச் சிரித்தார். இந்த வீட்டில் அவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மறுநாள் பம்பைக் கழற்றி முழுதாகச் சுத்தம் செய்து மாட்டினார். இன்ஜின் பதமாக ஓடியது.

எட்டாம் நாள் இரண்டாம் வண்டிக்கு வந்தார்கள்.

கற்றுக்கொண்ட பாடத்தால் இதில் வேலை சீக்கிரம் நடந்தது. நாலு நாளில் இன்ஜின் பேசியது. வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்னால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். சின்னவர் அட்டை ஒன்றை விரித்து அடியில் மல்லாந்து படுத்துத் தவழ்ந்து போனார். சக்கரத்துப் பிரேக்குகள் டிரம்மோடு ஒட்டியிருந்தன. சுத்தியலால் தட்டிக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்தார். விளக்கைத் தூக்கிப் பார்த்தார்.

ஹேண்ட்பிரேக் தண்டு எதோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேபினுக்குள் டிரைவர் இழுக்கிற லீவரிலிருந்து ஒரு தண்டு பின்னால் வரும். அது பிரேக்கோடு சேருமிடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு இரும்புப் பின். அந்தப் பின் நழுவாமலிருக்க அதன் நுனி ஓட்டையில் மெல்லிய ஸ்பிளிட் பின்னைச் செருகி இரண்டு காலையும் விரித்து மடக்கிவிடுவார்கள். இவ்வளவுதான் அமைப்பு. ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு செம்புக் கம்பித் துண்டு இருந்தது. தேய்ந்து அறுந்து, பச்சை பூத்து, அறுந்த பாதி இன்னும் மூன்று முறுக்கோடு அப்படியே ஒட்டியிருந்தது. பெரிய பின் தன் இடத்தைவிட்டுக் கழன்று, ஒரு சட்டத்தின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது.

மூன்று முறுக்கு. கை கிழிக்காமலிருக்க நுனியை உள்பக்கமாக மடக்கிய மூன்று முறுக்கு. இந்த ஊரில் அப்படிக் கம்பி முறுக்குகிறவர் ஒரே ஒரு ஆள்தான்.

அட்டையில் படுத்தபடியே சின்னவருக்கு எல்லாம் வந்தது. விபத்துக்கு முந்தின வாரம். ஹேண்ட்பிரேக்கை இறுக்குவதற்காகக் கழற்றியிருந்தார். திரும்ப மாட்டும்போது பழைய ஸ்பிளிட் பின்னின் கால் ஒடிந்துவிட்டது. பெட்டியில் வேறு இல்லை. வாசலில் அண்ணன் நின்று, "லோடு நிக்குதுடா, கிடங்கு மூடிடுவான், சீக்கிரம்" என்று அரித்தெடுத்தார். பழைய டைனமோக் கம்பியில் ஒரு சாண் வெட்டி முறுக்கிவிட்டு, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வெளியே வந்தார். நாளைக்கு வேறு வேலை வந்தது.

ஓட்டத்தின் அதிர்வில் கம்பி தேய்ந்திருக்கிறது. பின் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. அன்று டிரைவர் லீவரை இழுத்தபோது அது பிடித்த மாதிரி பிடித்து, அவர் இறங்கி வண்டியின் பின்பக்கம் போவதற்குள் கழன்றிருக்கிறது.

டிரைவர் இழுத்திருக்கிறார்.

எவ்வளவு நேரம் அங்கே கிடந்தார் என்று தெரியாது. அண்ணி குனிந்து, "தம்பி, தூங்கிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் வெளியே வந்தார். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

படுத்தும் ஒரு கேள்வி விடவில்லை. விபத்து நடந்த பிறகு, டிரைவர் அப்படி அடித்துச் சொன்ன பிறகு, ஒரே ஒரு தடவை அடியில் படுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. ஏன் பார்க்கவில்லை? பார்க்கத் தேவையில்லை, என் வேலை எனக்குத் தெரியாதா என்ற திமிரா? அல்லது அந்தக் கம்பி மனசின் ஏதோ மூலையில் ஞாபகம் இருந்துதான் பார்க்கவில்லையா? எப்படிப் புரட்டிப் பார்த்தும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவரை ரொம்பவும் பயமுறுத்தியது.

காலையில் அண்ணி டீ கொண்டுவந்தபோது கம்பித் துண்டை ஒரு துணியில் வைத்துக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். டீ ஆறிப்போனது.

"அன்னிக்குச் சாயங்காலம்" என்று ஆரம்பித்தார் அண்ணி, மெதுவாக. "டிரைவரை ஆஸ்பத்திரியில சேர்த்த மறுநாள். உங்கண்ணன் டார்ச்சை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போனார். ரொம்ப நேரம் வரல. வெளிய வந்தப்ப மூஞ்சி செத்துப்போய் இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல'ன்னார். சோத்துல கை வெக்கல. அடுத்த நாள்தான் ஷெட்டைப் பூட்டுறேன்னு சொன்னார்."

சின்னவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் எத்தனை பேர் இந்த வண்டியைக் கேட்டு வந்தாங்க தெரியுமா? முதல் வண்டியைக்கூடக் குடுக்கலாம்னு யோசிச்சார். இதை மட்டும் யாரையும் கிட்ட நெருங்க விடல. வண்டி மேல உசிருன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, யாராவது பார்த்துடக் கூடாதுன்னு பூட்டி வெச்சிருக்கார்."

"என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு..." சின்னவர் ஆறிய டீயைத் தள்ளிவைத்தார். "அவன் என்னை நம்பலன்னு நெனச்சு நான் பன்னெண்டு வருஷம் அவன் மூஞ்சியில முழிக்கல அண்ணி. போன் பண்ணினான். ரெண்டு மூணு தடவை பண்ணினான். நான் எடுக்கல."

அண்ணி அவரைத் தேற்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அண்ணனும் தம்பியுமாச் சேர்ந்துதான் அந்த மனுஷனைப் பொய்யனாக்கி வெச்சிருக்கீங்க" என்றார்.

"நான்தான் அண்ணி. அவன் என்ன பண்ணினான்?"

"தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டிருந்தார். செத்தவர்ங்கறதுக்காக நான் அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். போங்க. போய் அவர்கிட்டச் சொல்லுங்க. ரெண்டு பேருக்குமாச் சேர்த்துச் சொல்லுங்க. எதையும் மறைக்காதீங்க."

சின்னவர் அன்று கடைக்குப் போய் ஒரு டஜன் ஸ்பிளிட் பின் வாங்கிவந்தார். ஒன்று போதும். ஒன்றைப் போட்டு, இரண்டு காலையும் விரித்து மடக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தார். ஒரு நிமிட வேலை.

டயர்கள் மாட்டிய பிறகு, வாங்க வருகிறவர் வெறும் வண்டியின் எடைச் சீட்டு கேட்டிருந்ததால் எடை மேடைக்குப் போகவேண்டியிருந்தது. ஊரில் ஒரே எடை மேடைதான். அங்கே சீட்டு எழுதுகிறவர் அந்த டிரைவர்தான் என்று அண்ணி சொல்லியிருந்தார். பெரியவர் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. இரண்டாம் வண்டியைச் சின்னவர் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

மேடையில் ஏறி நின்றதும் பக்கத்துச் சின்ன அறையின் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "எறங்கிடுங்க. ஆள் இருந்தா எடை தப்பும்." பிறகு, "நம்ம வண்டியா? திருப்பத்துல வரும்போதே சத்தத்தை வெச்சு நெனச்சேன்."

அறைக்குள் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் சாத்திய ஊன்றுகோல். டிரைவர் மெலிந்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். சின்னவரைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் இறுகி, பிறகு சாதாரணமானது. "வாங்க சின்னவரே. உக்காருங்க. பெரியவர் உக்கார்ற நாற்காலிதான். வாரம் ஒரு தடவை வந்துடுவார். பேச்செல்லாம் கிடையாது. ஒரு மணி நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போவார்."

சின்னவர் உட்காரவில்லை. நின்றபடியே துணியைப் பிரித்து மேசைமேல் வைத்தார். "அண்ணே, நீங்க ஹேண்ட்பிரேக்கை இழுத்தீங்க. இழுத்துட்டுத்தான் எறங்கினீங்க. தப்பு என்னுது."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஸ்பிளிட் பின் ஒடிந்ததை, கம்பி முறுக்கியதை, பிறகு பார்க்காமலே விட்டதை, அதிகாரியிடம் சொன்னதை.

நடுவில் வெளியே ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. சின்னவர் தம் வண்டியை மேடையிலிருந்து நகர்த்திவிட்டு வந்தார். டிரைவர் அந்த வண்டிக்கு எடை பார்த்து, எழுதி, கிழித்து, ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். எழுத்து கோணவில்லை. வண்டி போன பிறகு கம்பித் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மொதல் ஒரு வருஷம் இழுத்தேன் இழுத்தேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒருத்தரும் நம்பல. சின்னவர் பார்த்த வண்டின்னாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. படுத்தா, கண்ணை மூடினா, கை லீவரைப் பிடிக்கும். இழுக்குதா இல்லையான்னு தெரியாது. அதுக்குள்ள முழிச்சுக்குவேன்."

டிரைவர் கம்பியை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி என் பொண்டாட்டி போயிட்டா. போறதுக்கு முன்னாடி கேட்டா, 'இப்பவாவது உள்ளதைச் சொல்லு, இழுத்தியா இல்லையா'ன்னு. அந்த ஒரு விஷயத்துல எங்களுக்குள்ள அவ்வளவு சண்டை நடந்திருக்கு. 'மறந்துதான் போயிட்டேன் போல'ன்னேன். அவளுக்கு நிம்மதியாப் போச்சு. ஒத்துக்கிட்டேன்னு. என் கையப் பிடிச்சுக்கிட்டா. மன்னிச்சுட்டா." டிரைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பண்ணாத தப்புக்கு மன்னிச்சுட்டுப் போயிட்டா."

"அண்ணே..."

"பெரியவருக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று சின்னவருக்கு ஒரு நொடி தோன்றியது. செத்துப்போனவர். இந்த மனிதர் அவரை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆனால் அண்ணி சொல்லி அனுப்பியது காதில் இருந்தது.

"தெரியும்ணே. மறுநாளே பார்த்துட்டார். எனக்காகத்தான் வெளிய சொல்லல."

டிரைவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். "வாராவாரம் வந்து உக்காந்தாரே" என்றார். "ஒவ்வொரு வாரமும் சொல்லத்தான் வந்திருப்பார் போல. சொல்லாமலே எந்திரிச்சுப் போயிருக்கார்." திட்டுவார் என்று சின்னவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. டிரைவர் கம்பியைத் துணியிலேயே வைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கிட்டச் சொன்னது பத்தாது. என் மகனும் லாரிதான் ஓட்டுறான். அவங்கம்மா இருந்தவரைக்கும் அவன் வண்டி எடுக்கும்போதெல்லாம் வாசல்ல நின்னு, 'உங்கப்பா மாதிரி மறந்துடாதடா'ன்னு சொல்லி அனுப்புவா. ஒரு நாள் விடாம. நீ போய் அவன்கிட்டச் சொல்லு. நான் சொன்னா இன்னும் பழைய கதையைப் பேசுறேன்னு நெனப்பான். உன் வாயால சொல்லு."

அதுவரை 'நீங்க' என்றவர் 'நீ' என்றதைச் சின்னவர் கவனித்தார். சரி என்று தலையாட்டினார்.

மகன் குடியிருந்தது ஒரு மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில். படிக்கட்டுக் கம்பியில் துணி காய்ந்தது. வண்டிக்குப் போனவன் வரும்வரை உட்காரச் சொல்லி மருமகள் தண்ணீர் கொடுத்தாள். ஒரு சின்னப் பெண் தரையில் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டே இவரை ஓரக்கண்ணால் பார்த்தது. சாயங்காலம் மகன் வந்தான். முப்பது வயது. அப்பாவின் அதே நெற்றி. யார் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

சின்னவர் எழுந்து நின்று சொன்னார். இரண்டாம் தடவை சொல்வதால் சுலபமாகிவிடவில்லை. மருமகள் சமையல் கட்டிலிருந்து வந்து சுவரோரம் நின்று கேட்டாள்.

மகன் எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில், "எங்கம்மா இருக்கும்போது வந்திருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். விலகி, வழிவிட்டான். சின்னவர் படியிறங்கினார்.

மூன்றாம் நாள் வாங்குகிறவர் வந்து, இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியாக எடுத்துப் போனார். காலியான ஷெட்டை அண்ணியும் அவரும் கூட்டிப் பெருக்கினார்கள். எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. விட்டுவிடுங்கள் என்றார் அண்ணி. பஸ் ஏற்றிவிட வந்தபோது, "இனிமே நான் போன் பண்ணினா எடுங்க" என்று மட்டும் சொன்னார். சின்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் சாவுக்கு வராத அழுகை, பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

விபத்தை விசாரித்த அலுவலகத்துக்குச் சின்னவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பழைய கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை டிரைவருக்கு அனுப்பிவைத்தார்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் டிரைவர் போன் செய்தார். மகனின் வண்டியில் பம்ப் தகராறு, புகை தள்ளுகிறது, இழுவை இல்லை என்றார். சின்னவர் என்ன சத்தம், எப்போது வருகிறது என்று விசாரித்து, கொண்டுவரச் சொல்லுங்கள், நானே கூட இருந்து பார்க்கிறேன் என்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் பட்டறை வாசலில் எந்த லாரி திரும்பினாலும் எழுந்து எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் டிரைவரே மறுபடி கூப்பிட்டார்.

"வேற இடத்துல குடுத்துட்டான். நான் சொல்லிப் பார்த்தேன்."

"பரவாயில்லண்ணே. சரியாச்சா?"

"ஆச்சாம். இப்ப புகை இல்லயாம்."

"நல்லதுண்ணே" என்றார் சின்னவர். டிரைவர் உடனே வைத்துவிடவில்லை. எடை மேடையில் ஏதோ வண்டி ஏறி நிற்கிற சத்தம் போனில் கேட்டது. "ஆள் வந்துட்டாங்க, வெக்கிறேன்" என்றார் அவர்.